சோற்றுக்கும் ரொட்டிக்கும் மாற்று நம் தோட்டத்திலேயே!

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மாவுச்சத்து குறைந்த பலகார வகைகள்: ஒரு பாடம்

"அரிசியைக் குறையுங்கள், கோதுமை ரொட்டியையும் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், நம் விவசாயியின் மனதில் முதலில் எழும் கேள்வி, "அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது?" என்பதே. கேள்வி நியாயமானது. காலையில் இட்லி அல்லது பழைய சோறு, மத்தியானம் சோறு, இரவில் தோசை அல்லது சப்பாத்தி என்று மூன்று வேளையும் தானியத்தையே உண்டு வளர்ந்த உடம்பு இது. தானியத்தை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது குழம்பும் பொரியலும்தான். குழம்பைத் தொட்டுக்கொள்ளவே ஒன்றும் இல்லாமல் எத்தனை நாள் சாப்பிட முடியும்?

ஒரு குடியானவர் வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது.

"ஏங்க, டாக்டர் வேண்டாம்னு சொன்ன சோத்தையே மறுபடி போடச் சொல்றீங்களே?"

"வெறும் கீரையையும் முட்டையையும் தின்னுட்டு எப்படி அண்டை வெட்டறது? கை நடுங்குது."

இப்படித்தான் பலருடைய பத்தியம் பத்து நாளில் முறிந்து போகிறது. மன உறுதி இல்லாததால் அன்று. வயிறும் நாக்கும் ஏற்கும்படியான மாற்றுப் பண்டம் கைவசம் இல்லாததால்தான். அந்த மாற்றுப் பண்டத்தை நம் தோப்பிலும் வயலிலும் கோழிக்கூட்டிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே எப்படித் தயாரிக்கலாம் என்பதுதான் இன்றையப் பாடம். கூடவே, கை நடுங்குவது வெறும் பசி மட்டும்தானா என்பதையும் பார்க்க இருக்கிறோம். அதில்தான் உயிர்க்காரியம் அடங்கியிருக்கிறது.

கீட்டோ உணவு என்றால் என்ன?

நாம் உண்ணும் அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை எல்லாம் வயிற்றில் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றை மிகவும் குறைத்துவிட்டால், உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி பெறத் தொடங்கும். அப்போது ஈரலில் உண்டாகும் பொருள்களுக்குக் 'கீட்டோன்' என்று பெயர். இதை வைத்தே இவ்வகை உணவைக் 'கீட்டோ உணவு' என்கிறார்கள்.

இது நேற்று முளைத்த நாகரிகம் அன்று. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர், வலிப்பு நோயாளிகளுக்காக இவ்வகை உணவைச் சொல்லி, இந்தப் பெயரையும் சூட்டினார். இன்சுலின் மருந்து கைக்கு வராத காலத்தில் சர்க்கரை வியாதிக்கு ஆகாரக் கட்டுப்பாடே முக்கிய வைத்தியமாக இருந்தது. பிரான்சு நாட்டில் ரொட்டி இல்லாமல் சாப்பாடு இறங்காது. ஆகவே 19ஆம் நூற்றாண்டிலேயே பூஷார்தா என்ற பிரெஞ்சு வைத்தியர், கோதுமை மாவிலிருந்து மாவுச்சத்தைக் கழுவி நீக்கி, எஞ்சிய பசைச்சத்தில் ரொட்டி செய்து நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். இங்கிலாந்தில் பேவி என்ற டாக்டர் பாதாம் பருப்பு மாவில் பலகாரம் செய்யச் சொன்னார். ரொட்டிக்கு மாற்றுத் தேடிய கவலை அவர்களுக்கும் இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கீட்டோ உணவில் ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 20 முதல் 50 கிராம் வரைதான் மாவுச்சத்து அனுமதி. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி சமைத்து உண்பவருக்கு அதிலிருந்து மட்டும் 300 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சேர்கிறது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எல்லோரும் கீட்டோ அளவுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நாளொன்றுக்கு 130 கிராமுக்குள் இருந்தாலே அதைக் 'குறைந்த மாவுச்சத்து உணவு' என்று கணக்கிடுகிறார்கள். எந்த அளவு யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கீழே சொல்லப்படும் பண்டங்கள் இரண்டு வகைக்கும் உதவும்.

கேழ்வரகும் கம்பும் மாற்றாகுமா?

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். அரிசியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழுக்கும் மாறிவிட்டால் மாவுச்சத்து குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். சிறுதானியங்களில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் உண்டு. அவை நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவையும் தானியங்களே. நார் நீங்கலாக, செரித்துச் சர்க்கரையாக மாறக்கூடிய மாவுச்சத்து 100 கிராமில் ஏறக்குறைய எவ்வளவு என்று பார்ப்போம்:

அரிசி: 78 கிராம்
சோளம்: 68 கிராம்
கேழ்வரகு: 67 கிராம்
கோதுமை மாவு: 64 கிராம்
கம்பு: 62 கிராம்
உளுத்தம்பருப்பு: 51 கிராம்
நிலக்கடலை: 8 முதல் 17 கிராம்
எள்: 11 கிராம்
தேங்காய் (பச்சை): 6 கிராம்
பூக்கோசு: 2 முதல் 3 கிராம்
முட்டை: 1 கிராமுக்கும் குறைவு

ரகத்தையும் அளக்கும் முறையையும் பொறுத்து இந்த எண்கள் சிறிது கூடும், குறையும். ஆனாலும் விஷயம் தெளிவு. 75 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய ஒரே ஒரு களி உருண்டையில் 50 கிராம் மாவுச்சத்து. கீட்டோ உணவில் ஒரு நாளைக்கு உரிய பங்கு முழுவதும் அந்த ஒரு உருண்டையிலேயே தீர்ந்துவிடுகிறது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரியவந்தது. அதே ஆய்வைச் சேர்ந்தவர்கள் 2025இல் இன்னொன்றையும் தெரிவித்தார்கள்: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதால் மட்டும் சர்க்கரை வியாதி வரும் அபாயம் குறைவதாகக் காணவில்லை என்பதே அது. ஆகவே தானியத்துக்குத் தானியம் மாற்றுவது இந்தப் பத்தியத்தில் உதவாது. பட்டியலின் கீழ்ப் பாதியில் உள்ள பொருள்களுக்கு மாறவேண்டும்.

மாவு ஏன் ஒட்டுகிறது?

தேங்காய்த்தூளையும் கடலைத்தூளையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து கல்லில் தட்டிப் பாருங்கள். உதிர்ந்து போகும். சப்பாத்தி உதிராமல் இருப்பதற்குக் காரணம் கோதுமையில் உள்ள பசைபோன்ற புரதம். இட்லியும் தோசையும் பிடித்து நிற்பதற்குக் காரணம் வெந்த அரிசியின் மாவுப்பசையும் உளுந்தின் வழவழப்பும். இவை இல்லாத மாவுக்கு வேறு பசை சேர்க்கவேண்டும். நமக்கு எளிதில் கிடைக்கக்கூடியவை இரண்டு:

1. முட்டை. சூட்டில் இறுகி மாவைப் பிடித்துக்கொள்ளும்.

2. இசப்கோல் உமி. மலச்சிக்கலுக்காக மருந்துக் கடையில் விற்பது. குஜராத், ராஜஸ்தான் பக்கங்களில் பயிராகும் ஒரு செடியின் விதையுமி இது. தண்ணீர் பட்டதும் ஊறிக் கூழ்போல் ஆகி மாவை இணைக்கும். ஏறக்குறைய முழுவதும் நார்ச்சத்தே. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இதுவே வழி. வாசனையும் சர்க்கரையும் சேர்த்த வகைகள் கடையில் உண்டு. அவற்றை வாங்காமல் வெறும் உமியாகப் பார்த்து வாங்கவேண்டும். இசப்கோலை உலர்ந்த நிலையில் வாயில் போடவே கூடாது, தொண்டையை அடைத்துவிடும். இது சேர்ந்த பண்டம் சாப்பிடும் நாளில் தண்ணீரும் நிறையக் குடிக்கவேண்டும்.

தேங்காய் மாவு தயாரிக்கும் முறை

கடைகளில் பாதாம் மாவு, கீட்டோ மாவு என்று பொட்டலங்கள் விற்கிறார்கள். விலை கோதுமை மாவைப்போல் பல மடங்கு. தென்னை வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

நன்கு முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் சேர்த்து அரைத்துப் பால் பிழிந்துகொள்ளவும். பாலைக் குழம்புக்கு உபயோகிக்கலாம். வழக்கமாக மாட்டுத் தொட்டிக்குப் போகும் அந்தச் சக்கையில்தான் நமக்கு வேண்டிய மாவு இருக்கிறது. சக்கையை அன்றைக்கே சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்பி, மேலே வலைத்துணி மூடி, நல்ல வெயிலில் காயவைக்கவும். அடிக்கடி கிளறிவிடவும். ஈரத்தோடு ஒரு இரவு கிடந்தாலும் புளித்துவிடும். எனவே மாலைக்குள் காயாவிட்டால், அடுப்பில் சட்டியை வைத்துச் சிறு தீயில் சிவக்காமல் வறட்டி ஈரத்தைப் போக்கவும். கையில் எடுத்தால் மணல்போல் உதிரவேண்டும். அதுதான் பக்குவம்.

பிறகு மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடியாக்கிச் சலிக்கவும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். ஈரமில்லாத டப்பாவில் அடைத்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் செலவழிக்கவும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடவும்.

நிலக்கடலைத் தூள்: ஓர் எச்சரிக்கை

நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மேற்சொன்னபடியே விட்டுவிட்டு ஓட்டிப் பொடிக்கலாம். புரதமும் கொழுப்பும் நிறைந்தது, பசி தாங்கும். ஆனால் கடலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

கடலையில் ஒருவகைப் பூசணம் வளர்ந்து 'அஃப்ளடாக்சின்' என்னும் நச்சை உண்டாக்குகிறது. இது ஈரலைக் கெடுக்கும். ஈரலில் புற்றுநோயும் வரவழைக்கும். அடுப்பில் வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நச்சு முற்றிலும் அழிவதில்லை. காய் முற்றும் தருணத்தில் வறட்சி தாக்கினாலும், பூச்சி துளைத்தாலும், பிடுங்கும்போது மண்வெட்டி பட்டுக் காய் உடைந்தாலும், சரியாகக் காயாமல் மூட்டை கட்டினாலும் பூசணம் புகும். ஆகவே வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கும் கடலையை 8 சதவீத ஈரத்துக்குக் கீழ் வரும்வரை உலர்த்தி, காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும் பதம் பார்த்து, தரையில் படாமல் பலகைமீது அடுக்கி வைக்கவும். உடைக்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியவும்.

இன்னொன்று: செக்கிலும் ஆலையிலும் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கைப் பொடித்து மாவாக உபயோகிக்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம். மாட்டுத் தீவனத்துக்கென்று ஆட்டிய புண்ணாக்கில் சொத்தைக் கடலையும் சேர்ந்திருக்கும். நச்சும் அதிலேயே தங்கி நிற்கும். மனிதர் உண்ணத் தக்கதன்று.

நான்கு பண்டங்கள்

ஒன்று: தேங்காய் மாவு ரொட்டி (முட்டை சேராதது). தேங்காய் மாவு 60 கிராம், அதாவது 8 மேசைக்கரண்டி. இசப்கோல் உமி 2 மேசைக்கரண்டி. நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி. உப்பு தேவைக்கு. எல்லாவற்றையும் கலந்து, 180 மில்லி வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையவும். வீட்டு மாவு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நீர் வாங்காது. கைப்பதம் பார்த்துக் கூட்டிக் குறைக்கவும். பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் உமி ஊறி மாவு இறுகும். நான்கு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் இருபுறமும் வேகவிடவும். ஒரு ரொட்டியில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து ஏறக்குறைய 3 கிராம். இதே பருமனுள்ள கோதுமைச் சப்பாத்தியில் 15 முதல் 20 கிராம் இருக்கும்.

இரண்டு: தேங்காய் மாவு முட்டைத் தோசை. முட்டை 2. தேங்காய் மாவு 20 கிராம். இசப்கோல் அரைத் தேக்கரண்டி. உப்பு, சீரகம், கால் டம்ளர் நீர். அடித்துக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்து, காய்ந்த கல்லில் சிறிய தோசையாக வார்க்கவும். தீ குறைவாக இருக்கட்டும். ஓரம் தானே விட்டுக்கொள்ளும் வரை திருப்பக் கூடாது, அவசரப்பட்டால் கிழியும். எல்லாம் சேர்ந்து மாவுச்சத்து ஏறக்குறைய 5 கிராம்.

மூன்று: கடலை முருங்கைக்கீரை அடை. நிலக்கடலைத் தூள் 50 கிராம். முட்டை 1. இசப்கோல் 1 தேக்கரண்டி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு பிடி முருங்கைக்கீரை, உப்பு. நீர் தெளித்துக் கெட்டியாகக் கலந்து இரண்டு அடையாகத் தட்டி, எண்ணெய் விட்டு முறுகலாக எடுக்கவும். மென்று சாப்பிட இதம். வயல் வேலை செய்பவருக்கு ஏற்றது. இரண்டு அடைக்கும் சேர்த்து 6 முதல் 12 கிராம் வரை மாவுச்சத்து.

நான்கு: பூக்கோசுச் சோறு. பூக்கோசை உப்பு நீரில் ஊறவைத்துப் புழு நீக்கி, ஈரம் துடைத்து, அரிசி பருமனுக்குத் துருவவும். சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, நீர் சேர்க்காமல் ஐந்து நிமிடம் வதக்கினால் உதிரியாக வரும். மூடி வைத்தால் குழைந்துவிடும். குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேறெதுவும் இதற்கு ஈடாகாது. பூக்கோசு கிடைக்காத பருவத்தில் முட்டைக்கோசைப் பொடியாக அரிந்து இதேபோல் செய்யலாம்.

வயிறு நிறைவதற்கு மூன்று விதிகள்

மாற்றுப் பண்டம் மட்டும் போதாது. மூன்று காரியங்கள் சேர்ந்தால்தான் பசி அடங்கும்.

முதலாவது, மெல்ல ஏதேனும் வேண்டும். கூழாகவும் சாறாகவும் குடித்தால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும். அடையையும் ரொட்டியையும் மென்று தின்றால் மனமும் நிறையும்.

இரண்டாவது, ஒவ்வொரு வேளையும் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழிக்கறி, பன்னீர், தயிர், கடலை இவற்றில் ஒன்று கட்டாயம்.

மூன்றாவது, தட்டு நிறைந்திருக்கவேண்டும். கத்தரி, வெண்டை, புடல், பீர்க்கு, சுரை, கோசு, கீரை இவற்றைத் தாராளமாக வைக்கலாம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளை, சேனை, வாழைக்காய் இவற்றைத் தவிர்க்கவேண்டும். சாம்பாரில் பருப்பு உண்டு என்பதால் ஓரிரு கரண்டியோடு நிறுத்துவது நலம். மீன் குழம்பு, புளிக்குழம்பு, மோர்க்குழம்பு ஆகியவற்றில் அந்தக் கவலை குறைவு.

தேநீரை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். வரப்பில் உட்கார்ந்து மூன்று தடவை குடித்தால் 30 கிராம். முதலில் விடவேண்டியது அதைத்தான்.

கை நடுங்கினால் என்ன பொருள்?

இனிச் சொல்லப்போவதுதான் பாடத்தின் மிக முக்கியமான பகுதி. தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரும், தாம் உண்ணும் சோற்றின் அளவுக்கு ஏற்பத்தான் மருந்து பெற்றிருக்கிறார்கள். சோற்றைத் திடீரென்று நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவில் எடுத்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். பாடத்தின் தொடக்கத்தில் பார்த்த குடியானவருக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். பம்புசெட்டு அருகிலோ கிணற்று மேட்டிலோ தனியாக இருக்கும்போது இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். கால் மணி நேரத்தில் குறையாவிட்டால் மறுபடியும் அதே அளவு கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயலுக்குப் போகும்போது மடியில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் கீட்டோ உணவைத் தாமாகத் தொடங்கவே கூடாது. கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு கண்டால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டினாலும்கூட உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஆகவே டாக்டரைக் கண்டு, "ஐயா, நான் சோற்றைக் குறைக்கப் போகிறேன். மாத்திரை அளவை மாற்றவேண்டுமா?" என்று கேட்ட பிறகே தொடங்கவும். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோகவும். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைக் கேட்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தப் பத்தியத்தை மேற்கொள்வது தகாது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்பதற்காகப் பிள்ளைகளின் சோற்றையும் நிறுத்திவிட வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குச் சோறும் களியும் வேண்டும்.

முதல் சில நாள்களில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறும். தலைசுற்றல், தலைவலி தோன்றலாம். வெயிலில் வேலை செய்பவருக்கு இது அதிகம். உப்பிட்ட நீர்மோரைக் கைவசம் வைத்துக்கொண்டு அவ்வப்போது குடிக்கலாம். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். நடவு, அறுவடை போன்ற கடும் வேலை நாள்களில் புதிதாகத் தொடங்காமல், ஓய்வான பருவத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

எப்படித் தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். டாக்டரின் சம்மதத்தோடு முதல் வாரம் தேநீர்ச் சர்க்கரையை விடுங்கள். இரண்டாம் வாரம் இரவு ஆகாரத்தை மட்டும் தேங்காய் மாவு ரொட்டிக்கோ கடலை அடைக்கோ மாற்றுங்கள். சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் காலை ஆகாரத்தையும் மாற்றலாம். மத்தியானச் சோறு பாதியாகட்டும். கீட்டோ அளவுவரை போகாமல் இந்த இடத்திலேயே நின்றுவிட்டாலும் பலருக்குப் பலன் உண்டு. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைப்பவர்களுக்கு முதல் சில மாதங்களில் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஓராண்டு கழியும்போது பலரால் அதே கண்டிப்பில் நிற்க முடியாமல் அந்த அனுகூலம் குறைந்துவிடுகிறது. எனவே நீடித்துக் கடைப்பிடிக்கக் கூடிய அளவே உங்களுக்கு உகந்த அளவு.

தேங்காயில் உள்ள கொழுப்பு சிலருக்கு ரத்தக் கொழுப்பை உயர்த்தக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரையோடு அதையும் சோதித்துக்கொள்ளவும். தேங்காயையே நம்பியிராமல் கடலை, எள், முட்டை, மீன் என்று மாற்றி மாற்றி உண்பது நல்லது.

பண்ணைக் கணக்கு

இந்தப் பத்தியத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஒரு சிறு விவசாயி தானே விளைவித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முட்டை என்றால் ஆண்டுக்கு 730 முட்டை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு பெட்டைக்கோழி இருந்தால் போதும். நாளொன்றுக்கு 50 கிராம் நிலக்கடலை என்றால் ஆண்டுக்கு 18 கிலோ பருப்பு. விற்பனைக்கு மூட்டை கட்டுமுன் முதல் தரக் கடலையை இந்த அளவுக்கு ஒதுக்கிவிடுங்கள். நல்லதை விற்றுவிட்டுச் சொத்தையை வீட்டுக்கு வைப்பது நம் வழக்கம். இந்த ஒரு காரியத்திலாவது அதை மாற்றிக்கொள்ளவேண்டும். வேலி ஓரம் இரண்டு முருங்கை, கிணற்று நீர் ஓடும் வாய்க்கால் அருகே கத்தரி, வெண்டை, புடல் இருந்தால் சந்தைச் செலவும் மிச்சம்.

கடையில் பொட்டல மாவு வாங்குவோர் முன்பக்கத்து விளம்பரத்தை நம்பாமல், பின்பக்கத்தில் 100 கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு, நார் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கவும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருப்பதால் மாவுச்சத்து குறைவு என்று பொருளல்ல.

பாடத்தைச் சரிபார்க்கச் சில கேள்விகள்

1. அரிசிக்குப் பதில் அதே அளவு கேழ்வரகு சாப்பிட்டால் மாவுச்சத்து வெகுவாகக் குறையுமா?
குறையாது. 100 கிராமில் அரிசியில் 78, கேழ்வரகில் 67 கிராம்.

2. தேங்காய் மாவு உதிராமல் இருக்க எதைச் சேர்க்கவேண்டும்?
முட்டை அல்லது நீரில் ஊறும் இசப்கோல் உமி.

3. கடலைப் புண்ணாக்கை மாவாக உபயோகிக்கலாமா?
கூடாது. பூசண நச்சு இருக்கக்கூடும். வேகவைத்தாலும் முற்றிலும் போகாது.

4. சோற்றைக் குறைக்குமுன் செய்யவேண்டிய முதல் காரியம் என்ன?
மாத்திரைச் சீட்டுடன் டாக்டரைக் காண்பது.

5. வயலில் கை நடுங்கி வியர்த்தால்?
வேலையை நிறுத்தி உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும்.

தட்டில் சோறு குறைந்துவிட்டதே என்று வருந்தும் விவசாயி, தம் தோப்பையும் கடலைக் காட்டையும் கோழிக்கூட்டையும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும். மாற்று அங்கேயே இருக்கிறது. அதைப் பக்குவமாக்கித் தட்டில் வைப்பது வீட்டார் பொறுப்பு. மருந்தைச் சரிபார்ப்பது டாக்டர் பொறுப்பு. இரண்டையும் தவறாமல் கடைப்பிடிப்பது நம் பொறுப்பு.